கப்பி பாரத்தைக் குறைப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் கப்பி, பற்சக்கரம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் இருந்த ஒரு படத்துக்காகத்தான் இந்தக் கடிதம். மேலே ஒரு உத்தரம், அதில் ஒரே ஒரு கப்பி, ஒரு பக்கம் 40 கிலோ மூட்டை தொங்குகிறது, மறுபக்கம் ஒரு பையன் கயிற்றைக் கீழ்நோக்கி இழுக்கிறான். பக்கத்தில் பெரிய எழுத்தில் '20 கிலோ விசை போதும், கப்பி பாரத்தைப் பாதியாக்குகிறது' என்று போட்டிருக்கிறீர்கள். இது தவறு. சின்ன அச்சுப்பிழை மாதிரியான தவறாக இருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன், இதை நம்பி வளர்கிற பிள்ளை நாளைக்கு ஒரு பட்டறையில் உத்தரத்துக்கு அடியில் நிற்கும்.

நான் கோவையில் 38 வருடம் லேத் பட்டறைகளில் டர்னராக வேலை பார்த்தவன். ஆறாம் வகுப்பு படிக்கிற என் மகள் வயிற்றுப் பேத்தி அந்தப் படத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு, "அப்புச்சி, கப்பி போட்டா வெயிட்டு பாதியாயிருமாமா?" என்று கேட்டாள். இல்லை அம்முணி என்றேன். "பேப்பர்லயே போட்டிருக்குதே" என்றாள். அதற்கு மேல் வாயால் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலமே கார் ஷெட்டில் இருக்கிற இரும்பு உத்தரத்தில் ஒரு பழைய கிணற்றுக் கப்பியை மாட்டினேன். ஒரு பிளாஸ்டிக் கேனில் 4 லிட்டர் தண்ணீர் பிடித்துக் கட்டினேன், அதாவது சுமார் 4 கிலோ. கயிற்றின் இழுக்கிற முனையில் மீன் கடைக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி கொக்கி போட்ட ஸ்பிரிங் தராசு. பேத்தியை இழுக்கச் சொன்னேன். கேன் மெதுவாக மேலே ஏறும்போது முள் நாலரையில் நின்றது. பாதி எங்கே? பாதியாகவில்லை, நாலுக்கும் மேலே அரை கிலோ கூடியிருக்கிறது. அந்த அரை கிலோ கப்பியின் அச்சில் இருக்கிற உராய்வு, துரு, கயிறு வளைகிற முரண்டு எல்லாவற்றுக்கும் கொடுத்த விலை. அதே கேனை மெதுவாக இறக்கும்போது முள் மூன்றரைக்குப் போனது, இப்போது அதே உராய்வு நமக்கு உதவியாகப் பாரத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதைப் பார்த்துவிட்டு அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அப்படியானால் கிணற்றில் எதற்குக் கப்பி? திசைக்காகத்தான். வாளியை நேராக மேலே தூக்கினால் குனிந்து முதுகு வலிக்கத் தூக்க வேண்டும், கப்பி போட்டால் நின்றபடி கீழ்நோக்கி இழுக்கலாம், நம் உடம்பின் கனத்தையே கயிற்றின் மேல் போடலாம். வேலை சுலபமாகத் தோன்றுவது அதனால். வாளியின் கனம் ஒரு குந்துமணி கூடக் குறையவில்லை.

இப்போது பயப்பட வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். கப்பியை உத்தரத்தில் நேரடியாக மாட்டாமல் நடுவில் இன்னொரு தராசை வைத்து மாட்டினேன். உத்தரம் எவ்வளவு தாங்குகிறது என்று அது காட்டும். 4 கிலோ கேனை அந்தரத்தில் அசையாமல் பிடித்துக்கொள் என்றேன். மேல் தராசில் 8 கிலோவையும் தாண்டிக் காட்டியது. கேன் ஒரு பக்கம் 4 கிலோ இழுக்கிறது, நாம் மறுபக்கம் 4 கிலோ இழுக்கிறோம், இரண்டையும் உத்தரம்தானே சுமக்க வேண்டும், கப்பியின் சொந்த கனம் வேறு. ஆகவே உங்கள் படத்தில் 40 கிலோ மூட்டையைத் தூக்கும் பையனுக்கு மேலே இருக்கிற உத்தரத்தில் 80 கிலோ தொங்குகிறது.

1980களில் நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில் இதே கணக்கு தெரியாமல் நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். 200 கிலோ வார்ப்பு ஒன்றை லாரியில் ஏற்ற வேண்டும். கூரையில் இருந்த ஆங்கிள் இரும்பு 250 கிலோ தாங்கும் என்று மேஸ்திரி சொன்னார், தாராளமாகப் போதும் என்று ஒற்றைக் கப்பி மாட்டி, மூன்று பேர் கயிறு பிடித்து இழுத்தார்கள். வார்ப்பு தரையை விட்டு ஒரு ஜாண் எழும்பியதும் ஆங்கிள் வில்லாக வளைந்து ஒரு பக்கப் போல்ட்டு பிய்த்துக்கொண்டு வந்தது. 200 கிலோ இந்தப் பக்கம், 200 கிலோ அந்தப் பக்கம், ஆக 400. ஒருவருடைய கால் விரல் இரண்டு நசுங்கியது. அவர் அன்றைக்கு வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். மேஸ்திரி கெட்டவர் இல்லை, படித்தபோது அவருக்கும் யாரோ 'கப்பி பாரத்தைக் குறைக்கும்' என்றுதான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

சரி, பாரம் பாதியாகிற கப்பி ஒன்று உண்டா? உண்டு. கப்பியை உத்தரத்தில் மாட்டாமல் பாரத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். கயிற்றின் ஒரு முனையை உத்தரத்தில் முடிந்துவிட்டு, கப்பிக்கு அடியில் கொண்டுபோய், மறுமுனையை மேலே இழுக்க வேண்டும். இப்போது கேனை இரண்டு கயிறு தாங்குகிறது, ஒன்றை உத்தரம் பிடித்திருக்கிறது, ஒன்றை நாம் பிடித்திருக்கிறோம். அதே 4 கிலோ கேனுக்குத் தராசு இரண்டரைக்குக் கீழே காட்டியது. பேத்தி துள்ளிக் குதித்தாள். கயிற்றில் சாக்பீஸால் ஒரு அடிக்கு ஒரு கோடு போட்டுக் கொடுத்து, கேன் ஒரு அடி ஏற எத்தனை கோடு உன் கைக்கு வந்தது என்று எண்ணச் சொன்னேன். இரண்டு. அதாவது பாதி பலம் கொடுத்தால் இரண்டு மடங்கு கயிறு இழுக்க வேண்டும். 50 அடிக் கிணற்றில் இப்படிச் செய்தால் 100 அடிக் கயிறு கையில் குவியும், வாளி வேறு சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொள்ளும், அதனால்தான் ஊர்க் கிணறுகளில் யாரும் இதைச் செய்யவில்லை. கட்டட வேலையிலும் பட்டறையிலும் நகரும் கப்பி, நிலையான கப்பி இரண்டையும் சேர்த்துப் போட்டுக் கீழ்நோக்கி இழுக்கிறார்கள். அப்போதும் உத்தரத்துக்கு வருவது பாரத்தின் ஒன்றரை மடங்கு. இதையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கப்பியில் எத்தனை கயிறு பாரத்தைத் தாங்குகிறது என்று எண்ணத் தெரிந்தால் போதும், சூத்திரம் தேவையில்லை. நாலு கயிறு தாங்கினால் நாலில் ஒரு பங்கு பலம், நாலு மடங்கு கயிறு. ஒவ்வொரு கப்பியிலும் உராய்வு கொஞ்சம் தின்றுவிடும், அதனால் கப்பியைக் கூட்டிக்கொண்டே போவதிலும் ஒரு எல்லை உண்டு.

பட்டறைக்காரர்கள் செயின் பிளாக் என்று சொல்கிற, சங்கிலி இழுத்துப் பாரம் தூக்குகிற சாமானைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லாதது எனக்கு வருத்தம். அதன் பழைய வகையில் இருக்கிற தந்திரம் அவ்வளவு அழகானது. மேலே ஒரே அச்சில் ஒட்டிய இரண்டு சக்கரம், ஒன்று 10 அங்குல விட்டம், இன்னொன்று 9 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சங்கிலி இரண்டையும் சுற்றி வந்து, நடுவில் தொங்கும் கப்பியில் பாரத்தைத் தாங்குகிறது. இழுக்கும்போது பெரிய சக்கரம் சங்கிலியை மேலே சுருட்டுகிறது, சின்னது அதே நேரம் கீழே விடுகிறது. பத்து பங்கு ஏறுகிறது, ஒன்பது பங்கு இறங்குகிறது, மிச்சம் ஒரே பங்கு. அந்த ஒரு பங்கிலும் பாரம் ஏறுவது பாதி. அதாவது 20 அடி சங்கிலி இழுத்தால் பாரம் 1 அடி ஏறும். உராய்வு அதிகம் என்பதால் 20 மடங்கு பலன் முழுதாகக் கிடைக்காது, ஆனால் அந்த உராய்வே கையை விட்டாலும் பாரம் சரேலென்று இறங்காமல் நிறுத்தி வைக்கிறது. இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் உள்ளே கியரும் பிரேக்கும்தான் இருக்கும், கணக்கு மட்டும் அதேதான்.

எங்கள் ஊர்ப்பக்கம் கிணற்றில் கவலை ஓட்டி, அதாவது மாடு பூட்டித் தண்ணீர் இறைத்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இரண்டு மாடு, தண்ணீர் அள்ளுகிற தோல் பை, அதைப் பறி என்போம், மேலே பெரிய உருளையில் வடக்கயிறு, கீழே கிணற்று விளிம்பில் சின்ன உருளையில் வால்கயிறு. மாடுகள் சரிவில் இறங்கி நடக்கும், பறி மேலே வரும். அந்த உருளை மாட்டின் பலத்தை ஒன்றும் பெருக்கவில்லை. செங்குத்தாக இழுக்க வேண்டியதை மாடு நடக்கிற திசைக்குத் திருப்பிக் கொடுத்தது, அவ்வளவுதான். உதவி செய்தது சரிவு, இறங்கும்போது மாட்டின் சொந்த கனமும் சேர்ந்து இழுத்தது. வால்கயிறு இன்னும் நுட்பமான வேலை செய்யும். பறி மேலே வந்ததும் அதன் தும்பிக்கை போன்ற வாயை அது இழுத்துத் தொட்டிப் பக்கம் நீட்டிவிடும், தண்ணீர் தானாகக் கொட்டும், ஆள் கை வைக்க வேண்டியதே இல்லை. பள்ளிக்கூடம் போகாத மனிதர்கள் கயிற்றின் நீளத்தை அளந்து வைத்தே இதைச் செய்து வைத்திருந்தார்கள். உங்கள் மாணவர் பக்கத்தில் வெளிநாட்டுக் கிரேன் படம் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை, கூடவே இதையும் ஒரு முறை போடுங்கள்.

பற்சக்கரத்துக்கு வருகிறேன். கட்டுரையில் 'கியர் வேகத்தையும் விசையையும் அதிகரிக்கும்' என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் கூடும், மற்றது குறையும். வீதி முனையில் இருக்கிற கரும்புச்சாறு மெஷினைப் பார்த்தால் போதும். அங்கே நான் எண்ணிப் பார்த்ததில் சின்னப் பல்சக்கரத்தில் 14 பல், அது கடித்துச் சுற்றுகிற பெரியதில் 70. சின்னது ஐந்து சுற்று சுற்றினால் பெரியது ஒரு சுற்று. வேகம் ஐந்தில் ஒன்றாகிவிட்டது, முறுக்கு, அதாவது சுற்றுகிற பலம், ஐந்து மடங்காகிவிட்டது, கரும்பு நசுங்குகிறது. ஒன்றையொன்று கடிக்கிற இரண்டு சக்கரம் எதிரெதிர் திசையில்தான் சுற்றும், கரும்பை இரண்டு உருளையும் சேர்ந்து உள்ளே இழுப்பது அதனால்தான். நடுவில் மூன்றாவதாக ஒரு சக்கரத்தைச் சொருகினால் முதலும் கடைசியும் ஒரே திசைக்கு வந்துவிடும். அந்த நடுச் சக்கரத்தில் எத்தனை பல் இருந்தாலும் வேகக் கணக்கில் ஒன்றும் மாறாது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்த பையன்களில் பலர் இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

எதிர்ப்பக்கமாக வேலை செய்கிற இயந்திரம் ஒவ்வொரு வீட்டிலும் நிற்கிறது, அதை யாரும் எளிய இயந்திரப் பாடத்தில் சரியாகச் சொல்வதில்லை. சைக்கிள். என் பழைய சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின் சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று. 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் போகும், ஆக ஒரு மிதிச் சுற்றுக்கு 5.4 மீட்டர். நம் கால் அந்த நேரத்தில் நகர்ந்தது எவ்வளவு? பெடல் கை 17 செ.மீ., ஆகவே ஒரு வட்டம் சுமார் 107 செ.மீ. கால் 1 மீட்டர் போனதற்குச் சைக்கிள் 5 மீட்டர் போகிறது. அப்படியென்றால் சாலையைத் தள்ளுகிற விசை நம் கால் கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்குதான். சைக்கிள் நம் பலத்தைக் குறைத்துத் தூரத்தைக் கூட்டுகிறது! மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குவது இதனால்தான், கியர் சைக்கிளில் பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றுவதும் இதனால்தான். அடுத்த நாள் பேத்தி எல்லாப் பல்லையும் தானே எண்ணி, டேப் வைத்து அளந்து, நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

வார்ம் கியர் என்று ஒன்று இருக்கிறது, திருகு மாதிரி ஒரு தண்டு, அதைக் கடிக்கிற ஒரு சக்கரம். தண்டு ஒரு முழுச் சுற்று சுற்றினால் சக்கரம் ஒரே ஒரு பல் நகரும். சக்கரத்தில் 40 பல் இருந்தால் ஒரே படியில் 40 மடங்கு. மில்லிங் மெஷினில் ஒரு வட்டத்தைச் சம பாகங்களாகப் பிரிக்க வைத்திருக்கிற, டிவைடிங் ஹெட் என்று நாங்கள் சொல்வதில் இந்த நாற்பதுதான் இருக்கும். திருகின் சரிவு ரொம்பக் குறைவாக இருந்தால் தண்டு சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் தண்டைத் திருப்பிச் சுற்ற முடியாது, தானாகப் பூட்டிக்கொள்ளும். இதற்கும் விலை உண்டு. பல்லோடு பல் உரசிக்கொண்டே போவதால் சூடாகும், அதனால் தண்டை எஃகிலும் சக்கரத்தை வெண்கலத்திலும் செய்து எண்ணெயில் மூழ்க வைப்பார்கள்.

நம் கண்முன்னால் இருக்கிற மிகப் பெரிய பல்சக்கரப் பாடம் மேட்டுப்பாளையத்தில் நிற்கிறது. ஊட்டி ரயில். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை போட்டிருக்கிறார்கள், இன்ஜினுக்கு அடியில் இருக்கிற பல்சக்கரம் அதைக் கடித்துக்கொண்டு ஏறுகிறது. மிகச் செங்குத்தான இடத்தில் 12.28 அடி போனால் 1 அடி ஏற்றம், சாதாரணச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். இங்கே பல் வந்தது பாரத்தைக் குறைப்பதற்காக இல்லை, பிடிமானத்துக்காக. ஒரு பட்டை இல்லை, இரண்டு பட்டை, ஒன்றின் பல் இருக்கிற இடத்தில் மற்றதற்குப் பள்ளம் வருகிற மாதிரி பாதிப் பல் தள்ளிப் போட்டிருக்கிறார்கள், எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் முழுசாகக் கடித்திருக்கும். ஆப்ட் என்கிற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் கண்டுபிடித்த முறை. இன்ஜினும் முன்னால் நின்று இழுக்காது, கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளும், இணைப்பு விட்டுப்போனாலும் பெட்டி உருண்டு போய்விடக் கூடாதல்லவா. 1899-லிருந்து குன்னூர் வரை ஓடுகிறது. யுனெஸ்கோ 2005-ல் இதை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது. குழந்தைகளைச் சுற்றுலா கூட்டிப் போகும் ஆசிரியர்கள் ஜன்னலோரம் யானை தெரிகிறதா என்று பார்க்கச் சொல்வதோடு, இறங்கியதும் அந்தப் பல் பட்டையை ஐந்து நிமிடம் பக்கத்திலிருந்து காட்டலாம்.

என் சொந்தத் தொழிலிலிருந்து ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. அங்குலக் கணக்கில் செய்த பழைய லேத்தில் மில்லிமீட்டர் மரை துல்லியமாக வெட்ட வேண்டுமானால் 127 பல் உள்ள ஒரு கியர் வேண்டும். புதுப் பையன்கள் இதென்ன விசித்திர எண் என்பார்கள். 1 அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அப்போது 5 அங்குலம் சரியாக 127 மில்லிமீட்டர். 127 பகா எண், அதைச் சின்னச் சக்கரங்களாக உடைக்க வழியில்லை, அதனால் அத்தனை பல்லையும் ஒரே சக்கரத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். பள்ளியில் பகா எண் எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கிற பிள்ளைக்கு அந்தச் சக்கரத்தைக் கையில் கொடுத்தால் போதும்.

பெல்ட் பற்றிச் சுருக்கமாக. வெட் கிரைண்டர் மோட்டார் பொதுவாக நிமிடத்துக்கு 1440 சுற்று சுற்றும், அந்த வேகத்தில் மாவு ஆட்டினால் சுவரெல்லாம் மாவுதான். புல்லி என்கிற பெல்ட் சக்கரத்தில் சின்னதிலிருந்து பெரியதற்கு பெல்ட் போட்டு வேகத்தைக் குறைத்து முறுக்கைக் கூட்டுகிறார்கள். கியருக்கு இல்லாத ஒரு நல்ல குணம் பெல்ட்டுக்கு உண்டு, ஏதாவது சிக்கிக்கொண்டால் வழுக்கிவிடும். என் வீட்டுக் கால் தையல் மெஷினில் ஊசி தடித்த துணியில் மாட்டினால் தோல் வார் வழுக்கும், ஊசியும் உள்ளே இருக்கிற பாகங்களும் பிழைத்துக்கொள்ளும். இன்னொன்று, வி-பெல்ட் பிடிப்பது பள்ளத்தின் இரண்டு பக்கச் சுவரை, அடித்தளத்தை இல்லை. கிரைண்டர் மெதுவாகச் சுற்றினால் பெல்ட்டை இறுக்கிக்கொண்டே போகாமல், புல்லியின் பள்ளத்து அடி பளபளப்பாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்திருந்தால் பெல்ட் அடியில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம், புல்லியை மாற்ற வேண்டியதுதான். அப்புறம், சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகு பாருங்கள். பெல்ட்டும் பல்லும் சேருகிற இடத்தில் விரலோ சேலை நுனியோ போனால் திரும்ப வராது, மூடி இல்லாத கரும்பு மெஷினுக்குப் பக்கத்தில் பிள்ளைகளை விடவே கூடாது.

ஐயா, உங்களிடம் நான் கேட்பது இரண்டு. முதலாவது, அடுத்த வாரம் அதே பக்கத்தில், அதே அளவு இடத்தில், அந்தப் படத்தைத் திருத்திப் போடுங்கள். ஒற்றைக் கப்பிப் படத்தில் 40 கிலோவுக்கு 40 கிலோவும் அதற்கு மேல் உராய்வுக்குக் கொஞ்சமும் வேண்டும் என்று எழுதுங்கள், உத்தரத்தின் மேல் 80 கிலோ என்று கட்டாயம் குறியுங்கள். பக்கத்தில் நகரும் கப்பியை வரையுங்கள். இரண்டாவது, இந்தப் பாடத்தைப் படித்துவிட்டுப் போகாமல் செய்து பார்க்கச் சொல்லி எழுதுங்கள். ஆகிற செலவு இரண்டு கப்பி, பத்து முழம் கயிறு, இரண்டு ஸ்பிரிங் தராசு, ஒரு தண்ணீர் கேன். கோவையில் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் இவற்றைப் பையில் போட்டுக்கொண்டு நானே வருகிறேன், பஸ் செலவு கூட வேண்டாம், வகுப்பில் உறுதியான ஒரு உத்தரம் இருந்தால் போதும்.

படம் வரைபவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள், நகரும் கப்பியில் கயிற்றின் மறுமுனை உத்தரத்தில் எங்கே முடிந்திருக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டச் சொல்லுங்கள். அந்த முடிச்சு படத்தில் விட்டுப்போனால் பிள்ளைகளுக்குப் பாதி பாரம் எங்கே போயிற்று என்றே தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டர்னர் ஒருவர்,
கணபதி, கோயம்புத்தூர்.